ஒரே அளவு உழைப்பு. ஒருவருக்கு 15 நாள் விடுப்பு, மற்றவருக்கு எதுவும் இல்லை: 180 நாள் வரம்பு யாருக்குப் பயன் தரும்?

புதுதில்லி: ஒரே நிறுவனத்தில் பணியாற்றும் இரு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வாரத்தில் 6 நாள்கள், நாளொன்றுக்கு 4 மணி நேரம் வேலை செய்கிறார். மற்றவர் வாரத்தில் 3 நாள்கள் மட்டும் வருகிறார். ஆனால் நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைக்கிறார். பண்டிகை, தேசிய விடுமுறைகளைக் கழித்து ஆண்டுக்கு 50 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால், இருவருமே ஆண்டில் 1,200 மணி நேரம் வேலை செய்கின்றனர். மணிக்கணக்கில் ஊதியம் என்றால் இருவரின் வருமானமும் ஒன்றே.

ஆனால், ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பைக் கணக்கிடும்போது முதலாமவருக்கு 15 நாள்கள் கிடைக்கின்றன. இரண்டாமவருக்கு ஒரு நாள்கூடக் கிடைப்பதில்லை.

இந்த வேறுபாட்டுக்கு நிர்வாகத்தின் பாரபட்சம் காரணமன்று. இந்தியச் சட்டம் உழைப்பை மணிகளால் அளக்காமல் நாள்களால் அளப்பதும், அந்த நாள்களுக்கு ஒரு குறைந்தபட்ச வரம்பை விதிப்பதுமே காரணம். கடந்த 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 2020, அந்த வரம்பை 240 நாள்களிலிருந்து 180 நாள்களாகக் குறைத்துள்ளது. இது பல லட்சம் தொழிலாளர்களுக்கு ஆறுதல் அளிக்கும் மாற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் வேலை செய்வோர், பணிநேரம் அடிக்கடி மாறுவோர் ஆகியோரின் நிலையை ஆராய்ந்தால், வரம்பு குறைந்ததோடு சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பது புலப்படும்.

பழைய கணக்கும் புதிய கணக்கும்

தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 79ஆம் பிரிவு, ஒரு நாட்காட்டி ஆண்டில் 240 நாள்களோ அதற்கு மேலோ வேலை செய்த தொழிலாளிக்கு, ஒவ்வொரு 20 நாள் வேலைக்கும் ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு வழங்கியது. ஆண்டில் 300 நாள்கள் வேலை செய்தவருக்கு 15 நாள்கள். 239 நாள்கள் வேலை செய்தவருக்கு ஒன்றுமில்லை.

புதிய தொகுப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, விகிதத்தில் கை வைக்கவில்லை. 20 நாள்களுக்கு ஒரு நாள் என்பது தொடர்கிறது. வளரிளம் பருவத் தொழிலாளர்களுக்கும், சுரங்கத்தில் நிலத்தடியில் பணியாற்றுவோருக்கும் 15 நாள்களுக்கு ஒரு நாள். தகுதி வரம்பு மட்டும் 180 நாள்களாகிறது.

இதன் பயனை எண்களில் காண்பது எளிது. ஆண்டில் 200 நாள்கள் வேலை செய்த தொழிற்சாலைத் தொழிலாளிக்கு முன்பு விடுப்பே கிடையாது. இப்போது 10 நாள்கள். ஜனவரி முதல் ஜூன் வரை வாரம் 6 நாள்களும், ஆர்டர் குறைந்ததால் எஞ்சிய அரையாண்டில் வாரம் 3 நாள்களும் வேலை பெற்ற ஒருவரின் மொத்தம் ஏறத்தாழ 225 நாள்கள். பழைய சட்டத்தில் வேலை குறைந்த குற்றத்துக்கு அவரே தண்டனை ஏற்றார். விடுப்பு முழுவதும் பறிபோனது. இனி அவருக்கு 11 நாள்கள் உண்டு.

வேலை செய்யாத சில நாள்களையும் 180 என்ற கணக்கில் சேர்க்கச் சட்டம் இடமளிக்கிறது. நிர்வாகம் வேலை தர இயலாமல் விதிக்கும் லே-ஆஃப் காலம், மகப்பேறு விடுப்பு, ஏற்கெனவே எடுத்த ஆண்டு விடுப்பு ஆகிய மூன்றும் தகுதிக்கு எண்ணப்படும். ஆனால் அந்த நாள்களுக்குப் புதிதாக விடுப்பு சேராது. எடுத்துக்காட்டாக, 150 நாள்கள் வேலை செய்து 30 நாள்கள் லே-ஆஃபில் இருந்தவர் வரம்பைத் தாண்டிவிடுவார். விடுப்பு 150 நாள்களுக்கே கணக்கிடப்படும்.

மகப்பேறு விடுப்பில் முன்னேற்றம் இன்னும் தெளிவானது. தொழிற்சாலைகள் சட்டம் மகப்பேறு விடுப்பில் 12 வாரங்களை மட்டுமே தகுதிக் கணக்கில் சேர்த்தது. 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்ட பிறகும் இந்த இடைவெளி நீடித்தது. ஒரு பெண் தொழிலாளி 26 வாரங்கள் மகப்பேறு விடுப்பில் இருந்து, அந்த ஆண்டில் 100 நாள்கள் வேலைக்கும் வந்திருந்தால், பழைய கணக்கில் 100 நாள்களும் 84 நாள்களும் சேர்ந்து 184 மட்டுமே, 240-ஐ எட்டவில்லை. புதிய பிரிவில் 12 வார உச்சவரம்பு இல்லை. எனவே அவருக்கு 100 நாள் வேலைக்குரிய 5 நாள் விடுப்பு உரிமையாகிறது.

நான்கு நாள் வாரமும் பன்னிரண்டு மணி நேரமும்

வரம்பு குறைக்கப்பட்டதன் முழுப் பொருளையும் அறிய, நாள்தோறும் 12 மணி நேரம், வாரத்தில் 4 நாள்கள் என்ற பணிமுறையைக் கருத வேண்டும். வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற உச்சவரம்புக்குள் இத்தகைய ஏற்பாடு சாத்தியமா என்ற விவாதம் சில ஆண்டுகளாகவே நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேரப் பணிக்கு வழிவகுக்கும் சட்டத்திருத்தம் பேரவையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கலாம்.

வாரம் 4 நாள்கள் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள்கள். பழைய 240 நாள் வரம்பின்கீழ், முழுநேரமும் உழைக்கும் இத்தொழிலாளி ஒருபோதும் விடுப்புக்குத் தகுதி பெற முடியாது. ஆண்டுக்கு 2,400 மணி நேரம் உழைத்தும் அவர் பகுதிநேரப் பணியாளரைவிடக் கீழான நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பார். புதிய வரம்பில் அவருக்கு 10 நாள்கள் கிடைக்கின்றன.

வாரம் 6 நாள்கள், 8 மணி நேரம் என உழைப்பவரின் 15 நாள்களோடு ஒப்பிட்டால் இது குறைவாகத் தோன்றும். ஆனால் 12 மணி நேரம் கொண்ட 10 நாள்களும், 8 மணி நேரம் கொண்ட 15 நாள்களும் 120 மணி நேரமே. ஒரு நாள் விடுப்புக்கு அந்த நாளின் முழு 12 மணி நேர ஊதியமும் வழங்கப்படும் வரையில் இழப்பில்லை. 8 மணி நேர ஊதியம் மட்டும் வழங்கப்பட்டால் மூன்றில் ஒரு பங்கு பறிபோகும். ஊதியச் சீட்டில் தொழிலாளர்கள் சரிபார்க்க வேண்டிய இடம் இதுவே.

வாரம் 3 நாள்கள் வேலை செய்பவர் ஆண்டுக்கு 150 நாள்களையே எட்டுவார். அவர் பழைய வரம்பிலும் வெளியே நின்றார். புதிய வரம்பிலும் வெளியேதான் நிற்கிறார். தொடக்கத்தில் கண்ட இரண்டாவது பெண்ணின் நிலை இது. விகிதத்தின்படி அவர் ஈட்டியிருக்க வேண்டிய விடுப்பு ஏழரை நாள்கள்.

வரம்பே இல்லாதிருந்தவர்கள்

விவாதங்களில் அதிகம் பேசப்படாத மற்றொரு கோணமும் உண்டு. 240 என்ற வரம்பு எல்லாத் தொழில்களுக்கும் பொதுவானதாக இருந்ததில்லை.

தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951-இன் 30ஆம் பிரிவு, வேலை செய்த ஒவ்வொரு 20 நாள்களுக்கும் ஒரு நாள் விடுப்பு என்று மட்டுமே கூறியது. குறைந்தபட்ச நாள்கள் என்ற நிபந்தனை அதில் இல்லை. 60 நாள்கள் கொழுந்து பறித்தவருக்கு 3 நாள்கள். மேலும், அரை நாளோ அதற்கு மேலோ வேலை செய்த நாளை ஒரு முழு நாளாகவே எண்ண வேண்டும் என்றும் அச்சட்டம் விளக்கியது. மழையாலும் கொழுந்து வரத்துக் குறைவாலும் பணிநேரம் மாறிக்கொண்டேயிருக்கும் தொழிலின் இயல்பை உணர்ந்து எழுதப்பட்ட விளக்கம் அது. பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 1966-இன் 26ஆம் பிரிவும், முந்தைய ஆண்டில் வேலை செய்த ஒவ்வொரு 20 நாள்களுக்கும் ஒரு நாள் என்றே விடுப்பை வகுத்தது.

இவ்விரு சட்டங்களும், தொழிற்சாலைகள் சட்டம், சுரங்கங்கள் சட்டம் உள்ளிட்ட மேலும் பல சட்டங்களும் சேர்ந்து, மொத்தம் 13 சட்டங்கள் புதிய தொகுப்பில் ஒன்றிணைக்கப்பட்டன. அதன் விளைவாக, 180 நாள் என்ற நிபந்தனை இப்போது தோட்டங்களுக்கும் பொருந்துகிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அது தாழ்த்தப்பட்ட படி. தோட்டத்தின் தற்காலிகத் தொழிலாளிக்கோ முன்பு இல்லாத படி.

அசாமிலும் வடக்கு வங்கத்திலும் குளிர்காலத்தில் கொழுந்துப் பறிப்பு நின்றுவிடும். பருவம் உச்சத்தில் இருக்கும் மாதங்களுக்கு மட்டும் அழைக்கப்படும் தற்காலிகத் தொழிலாளர்களை அந்தத் தோட்டங்கள் பெருமளவில் நம்பியுள்ளன. நீலகிரியிலும் வால்பாறையிலும் ஆண்டு முழுவதும் பறிப்பு நடந்தாலும், தற்காலிகமாக வருவோரின் வருகை சீராக இருப்பதில்லை. ஆண்டுக்கு 140, 150 நாள்கள் வேலை பெறும் ஒருவருக்குப் பழைய சட்டம் 7 நாள்களை உறுதி செய்தது. புதிய பிரிவை அப்படியே வாசித்தால் அந்த 7 நாள்களும் கேள்விக்குள்ளாகின்றன. ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் ஊதிய ஒப்பந்தங்களோ, தோட்ட நிர்வாகத்தின் வழக்கமோ கூடுதல் பயன் தந்தால் அதைத் தொடரச் செய்வது தொழிற்சங்கங்களின் உடனடிப் பொறுப்பாகும்.

நாட்காட்டி ஆண்டால் துண்டாடப்படும் பருவம்

சர்க்கரை ஆலைகளின் அரவைப் பருவம் பெரும்பாலும் நவம்பர் வாக்கில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை நீடிக்கிறது. சட்டமோ ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரையிலான நாட்காட்டி ஆண்டைக் கணக்கிடுகிறது. ஒரே பருவத்தின் உழைப்பு இரண்டு ஆண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது.

நவம்பர் 1 அன்று புதிதாகச் சேரும் ஒரு பருவகாலத் தொழிலாளியைக் கருதுவோம். ஜனவரி முதல் நாளுக்குப் பின்னர் பணியில் சேர்பவருக்குச் சட்டம் தனி விதியை வைத்துள்ளது. அந்த ஆண்டில் எஞ்சியுள்ள நாள்களில் நான்கில் ஒரு பங்கு வேலை செய்தாலே அவர் தகுதி பெறுவார். தொழிற்சாலைகள் சட்டத்தில் இது மூன்றில் இரண்டு பங்காக இருந்தது. நவம்பர், டிசம்பர் மாதங்களின் 61 நாள்களில் 16 நாள்கள் வேலை செய்தால் போதும். வார விடுமுறை நீங்கலாக 52 நாள்கள் வேலை செய்திருந்தால் 2 நாள் விடுப்பு கிடைக்கும்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை அவர் மேலும் 103 நாள்கள் வேலை செய்கிறார் என்று கொள்வோம். இப்போது அவருக்குப் பொருந்துவது 180 நாள் வரம்பு. ஆலை மீண்டும் நவம்பரில் இயங்கத் தொடங்கி டிசம்பர் வரை 52 நாள்கள் வேலை கிடைத்தாலும், அந்த ஆண்டின் மொத்தம் 155 நாள்கள்தான். பணிப்பதிவேட்டில் பெயர் தொடர்ந்திருக்கும் வரையில், ஆண்டுதோறும் இதே கணக்கு. ஆண்டுதோறும் விடுப்பு இல்லை. அரவை நின்றிருக்கும் இடைப்பருவத்தை லே-ஆஃப் என்று கருத 32ஆம் பிரிவில் வெளிப்படையான இடமில்லை.

இதே தொழிலாளியை ஏப்ரல் 30 அன்று ஆலை வேலையிலிருந்து விடுவித்துவிட்டால் நிலைமை மாறுகிறது. ஆண்டின் நடுவில் வேலைநீக்கம் செய்யப்பட்டவர், தாமே விலகியவர், ஓய்வு பெற்றவர், பணிக்காலத்தில் இறந்தவர் ஆகியோருக்கு, தேவையான நாள்கள் நிறைவடையாவிட்டாலும், ஈட்டிய விடுப்புக்குரிய ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும் என்று அதே பிரிவு கூறுகிறது. எனவே 103 நாள்களுக்கு 5 நாள் ஊதியம் அவருக்கு உரியது. விலகியவருக்கும் வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கும் இரண்டாவது பணிநாள் முடிவதற்குள்ளும், ஓய்வு அல்லது இறப்பு நேர்ந்தால் இரண்டு மாதங்களுக்குள்ளும் இந்தத் தொகை வழங்கப்பட வேண்டும்.

இங்கே சட்டத்தின் உள்முரண் வெளிப்படுகிறது. வேலையை விட்டுப் போகிறவரின் 103 நாள் உழைப்பு விடுப்பை ஈட்டுகிறது. வேலையில் நீடிப்பவரின் 155 நாள் உழைப்பு எதையும் ஈட்டுவதில்லை. அதுபோலவே, ஜூலை 1 அன்று புதிதாகச் சேர்ந்து 100 நாள்கள் வேலை செய்தவருக்கு 5 நாள் விடுப்பு. ஜனவரி முதலே பணியில் இருந்து 150 நாள்கள் வேலை செய்தவருக்கு விடுப்பு இல்லை. நீண்ட காலம் உடனிருப்பவரைக் காட்டிலும் வந்து போகிறவருக்குச் சலுகை அளிப்பது சட்டம் இயற்றியோரின் நோக்கமாக இருந்திருக்க இயலாது.

பிரிட்டன் கண்ட வழி

இதே சிக்கலைப் பிரிட்டன் அண்மையில் எதிர்கொண்டது. அங்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கு 5.6 வார ஊதிய விடுப்பு உரிமையுண்டு. பொது விடுமுறைகளையும் இதிலேயே அடக்கிக்கொள்ளலாம். பள்ளி நடைபெறும் வாரங்களில் மட்டும் வகுப்பெடுத்த ஓர் இசை ஆசிரியையின் விடுப்பு ஊதியத்தை, அவர் வேலை செய்த மணிகளில் 12.07 விழுக்காடு என்று நிர்வாகம் கணக்கிட்டது. ஆண்டின் 52 வாரங்களில் விடுப்பு வாரங்களைக் கழித்தால் எஞ்சுவது 46.4, 5.6-ஐ 46.4-ஆல் வகுத்தால் வருவது 12.07 விழுக்காடு.

ஹார்பர் அறக்கட்டளை வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 2022 ஜூலையில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தின் முறையை நிராகரித்தது. ஆண்டு முழுவதற்குமான ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, வேலை செய்யாத வாரங்களைக் காட்டி 5.6 வாரத்தைக் குறைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இதனால் ஆண்டில் 32 வாரம் மட்டும் வேலை செய்பவர், தாம் ஈட்டிய ஊதியத்தில் 17.5 விழுக்காட்டை விடுப்பு ஊதியமாகப் பெறும் நிலை உருவானது. முழு ஆண்டும் உழைப்பவரைவிட இது விகிதத்தில் அதிகம் என்று நிறுவனங்கள் முறையிட்டன.

அந்நாட்டு அரசு 2023-இல் விதிகளைத் திருத்தியது. 2024 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில், பணிநேரம் ஒழுங்கற்றோரும் ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் வேலை செய்வோரும், வேலை செய்த மணிகளில் 12.07 விழுக்காட்டை விடுப்பாக ஈட்டுவர். 10 மணி நேர வேலைக்கு ஏறத்தாழ 1 மணி 12 நிமிடம். ஒவ்வொரு ஊதியத்தோடும் விடுப்பு ஊதியத்தைச் சேர்த்து வழங்கவும், சில நிபந்தனைகளுடன், அனுமதி தரப்பட்டது.

இந்த மாற்றத்தால் நீதிமன்றத் தீர்ப்பின் கூடுதல் பயனைப் பள்ளி ஊழியர்கள் போன்றோர் இழந்தனர் என்ற விமர்சனம் உண்டு. இந்தியாவின் 15 நாள் விடுப்பையும் பிரிட்டனின் 5.6 வாரத்தையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதும் பொருந்தாது. இங்கே தேசிய, பண்டிகை விடுமுறைகள் தனிக் கணக்கு. ஆயினும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அங்கே முதல் மணி நேரத்திலிருந்தே விடுப்பு சேரத் தொடங்குகிறது. வாரம் 3 நாள் வந்தாலும், 6 நாள் வந்தாலும், நடுவே பணிநேரம் மாறினாலும் கணக்கு அறுபடுவதில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் ஆண்டு 132ஆம் உடன்படிக்கையும் இதையொட்டியே செல்கிறது. தகுதிக்காகக் குறைந்தபட்சப் பணிக்காலம் வைக்கலாம். ஆனால் அது ஆறு மாதத்தை மிஞ்சக் கூடாது. முழு விடுப்புக்கு வேண்டிய காலத்தை நிறைவு செய்யாதவருக்கு விகிதப்படி விடுப்பு தரப்பட வேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை. 180 நாள்கள் என்பது ஆறு மாதத்தோடு ஒத்துப்போவதாகத் தோன்றினாலும், உடன்படிக்கை குறிப்பிடுவது பணிக்காலத்தை. இந்தியச் சட்டம் கேட்பது ஒவ்வொரு ஆண்டும் வேலை செய்த நாள்களை. வாரம் 3 நாள் வேலை செய்பவர் பத்து ஆண்டுகள் பணியில் இருந்தாலும் இந்த வேறுபாட்டால் விலக்கப்படுகிறார்.

விடுப்பு நாளின் விலை

எத்தனை நாள் என்பதற்கு அடுத்து எழுவது, ஒரு நாளுக்கு எவ்வளவு என்ற கேள்வி. தொழிற்சாலைகள் சட்டத்தின் 80ஆம் பிரிவு, விடுப்புக்கு முந்தைய மாதத்தில் உண்மையில் வேலை செய்த நாள்களின் முழுநேர வருமானத்தைச் சராசரி கண்டு, அதையே விடுப்பு நாளின் ஊதியமாக நிர்ணயித்தது. அகவிலைப்படி சேரும், மிகைநேர ஊதியமும் போனஸும் சேரா.

பணிநேரம் மாறாதவருக்கு இதில் சிக்கல் இல்லை. மாறுபவருக்கு உண்டு. ஓராண்டின் பெரும்பகுதியில் 8 மணி நேரம் உழைத்து விடுப்பை ஈட்டியவர், நவம்பரில் 4 மணி நேரப் பணிக்கு மாற்றப்பட்டு டிசம்பரில் விடுப்பு எடுத்தால், நவம்பர் மாத வருமானமே அளவுகோலாகி, ஈட்டிய விடுப்பின் மதிப்பு பாதியாகும் அபாயம் இருக்கிறது. பிரிட்டனில் இதற்கெனக் கடந்த 52 ஊதிய வாரங்களின் சராசரி எடுக்கப்படுகிறது. புதிய இந்தியத் தொகுப்பின் 32ஆம் பிரிவு சராசரிக்கான காலத்தைத் தானே வரையறுக்கவில்லை. மத்திய, மாநில அரசுகளின் விதிகளில் 12 மாதச் சராசரி இடம்பெற்றால், பணிநேரம் மாறும் தொழிலாளர்களுக்கு அது பெரும் பாதுகாப்பாக அமையும்.

யாருக்குப் பொருந்தும், யாருக்கு இல்லை?

பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே இந்தத் தொகுப்பு பொருந்தும். மேலாண்மைப் பொறுப்பில் இருப்போருக்கும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளர்களுக்கும் 32ஆம் பிரிவின் பயன் இல்லை. கடைகள், வணிக நிறுவனங்களுக்கென மாநிலங்கள் இயற்றிய சட்டங்கள் தனி. தமிழ்நாட்டின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், 12 மாதத் தொடர் பணிக்குப் பிறகு அடுத்த 12 மாதங்களில் 12 நாள் ஊதிய விடுப்பு தருகிறது. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு இதில் எதுவும் எட்டுவதில்லை. செயலிவழி உணவு, பொருள் விநியோகம் செய்வோரைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு தனிப் பிரிவாக அங்கீகரித்தாலும், ஊதிய விடுப்பு அந்த அங்கீகாரத்தில் அடங்காது.

குறித்தகால ஒப்பந்தப் பணியாளர்களுக்கு, அதே வேலையைச் செய்யும் நிரந்தரப் பணியாளருக்குக் குறையாத பயன்கள் தரப்பட வேண்டும் என்று தொழிலுறவுத் தொகுப்பு கூறுகிறது. ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்வோருக்கு ஆண்டின் நடுவில் ஒப்பந்ததாரர் மாறினால், பழையவரிடம் வேலை செய்த நாள்களுக்குரிய விடுப்பு ஊதியத்தை அவரிடமிருந்தே பெற வேண்டும். புதியவரிடம் கணக்கு மறுபடி தொடங்கும்.

விடுப்பை எடுக்காமல் விட்டால் 30 நாள்கள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம். கேட்டும் மறுக்கப்பட்ட விடுப்புக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. எனவே விடுப்பு விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்வது பயன் தரும். ஆண்டு முடிவில் கோரினால் விடுப்பைப் பணமாக மாற்றிக்கொள்ளவும் புதிய சட்டம் உரிமை தருகிறது. இவை அனைத்துக்கும் அடிப்படை, வேலைக்கு வந்த நாள்களின் பதிவு. பணிநியமனக் கடிதம் வழங்குவது இப்போது கட்டாயம்; அதில் பணியில் சேர்ந்த நாள் சரியாக இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்வதோடு, வருகை நாள்களைத் தொழிலாளர்கள் தாமும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. 179 நாள்களுக்கும் 180 நாள்களுக்கும் இடையே 9 நாள் ஊதியம் இருக்கிறது.

வரம்பு தேவைதானா?

நிறுவனங்களின் தரப்பில் ஒரு வாதம் உண்டு. சில வாரங்கள் மட்டும் வந்து போகும் ஒவ்வொருவருக்கும் விடுப்புக் கணக்கு வைப்பது சிறு நிறுவனங்களுக்குச் சுமை. தொடர்ந்து வேலைக்கு வருவதை ஊக்குவிக்கவே வரம்பு இருக்கிறது என்பது அந்த வாதம். பதிவேடுகள் கையால் எழுதப்பட்ட காலத்தில் இதற்கு வலு இருந்தது. இன்று வருகையும் ஊதியமும் கணினியில் பதிவாகின்றன. வருங்கால வைப்புநிதிக்கு மாதந்தோறும் கணக்கு அளிக்கப்படுகிறது. 20 நாள்களுக்கு ஒரு நாள் என்பது கூலியில் 5 விழுக்காடு மட்டுமே. ஊக்கத்துக்கும் வரம்பு தேவையில்லை. அதிக நாள்கள் வருபவருக்கு விகிதமே அதிக விடுப்பைத் தந்துவிடுகிறது.

வேலையை விட்டு விலகுவோருக்கு வரம்பின்றிக் கணக்கிடும் முறையைச் சட்டமே வைத்திருக்கிறது. தோட்டங்களிலும் பீடித் தொழிலிலும் பல பத்தாண்டுகளாக வரம்பின்றிக் கணக்கிட்ட அனுபவமும் நாட்டில் இருக்கிறது. அந்த முறையைப் பணியில் நீடிப்போருக்கும் விரிவுபடுத்துவது புதிய கோட்பாடு எதையும் கோருவதில்லை. நாடாளுமன்றத் திருத்தம் வரும் வரையில், மாநில அரசுகளின் விதிகளும் தொழிற்சங்க ஒப்பந்தங்களும் மூன்றை உறுதி செய்யலாம்: தோட்டங்களில் முன்பிருந்த பயன் குறையாமை, பருவகால ஆலைகளின் இடைப்பருவத்தைத் தகுதிக் கணக்கில் சேர்த்தல், விடுப்பு ஊதியத்துக்கு 12 மாதச் சராசரி.

மாறுதல் காலத்தில் பழைய சட்டங்களின் தொடர்புடைய பிரிவுகளும் விதிகளும் தொடரும் என்று மத்திய தொழிலாளர் அமைச்சகம் தெரிவித்துள்ளது. அந்த இடைவெளி எவ்வளவு கவனமாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே, வாரத்தில் 3 நாள் முழுநேரம் உழைக்கும் பெண்ணுக்கும், பருவத்துக்கு மட்டும் அழைக்கப்படும் கொழுந்து பறிப்பவருக்கும் ஊதியத்துடன் கூடிய சில நாள் ஓய்வு கிடைக்குமா என்பது முடிவாகும்.